சாவு வீட்டுக்கு மட்டும் காரணம் கேட்பதில்லை

நான் வேலை பார்த்த நிறுவனம் வெள்ளிவிழா மலர் போடுகிறதாம். கூடாரமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற கடைக்கு மலர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதலாளிக்குச் சுல்தான் கையால் டத்தோ பட்டம் கிடைத்த நாளிலிருந்து அது கடை இல்லை, நிறுவனம். நிறுவனம் என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் முதல் பக்கத்தில் டத்தோ, இரண்டாம் பக்கத்தில் டத்தோவும் அவர் மனைவி டத்தினும், நடுவில் வாழ்த்துரைகள், கடைசிப் பக்கத்தில் என்னைப் போல ஓய்வு பெற்ற ஒருவன் 'இங்கே வேலை பார்த்தது நான் செய்த புண்ணியம்' என்று உருகுவது. அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் என்னைப் பிடித்தார்கள்.

பிடித்தது கவிதா. கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊர்க் கடையில் நான் உட்கார்ந்திருந்த கவுண்டரில் இப்போது இருக்கிற பெண். ஒரு பக்கம் போதும் அங்கிள், நல்லதாக நாலு விஷயம் எழுதுங்கள் என்றாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். இப்போது எல்லாரும் கைப்பேசியிலேயே பதிவு செய்கிறார்களாம். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வருகிறதாம். 'இந்தப் பொருள்களை அரசியல் போராட்டத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்' என்று அதில் டிக் போட்டால்தான் பதிவு முடியும். பிள்ளைக்குக் காதுகுத்து வைக்கிறவர்கள்கூட டிக் போடுகிறார்கள். இது எப்போது வந்தது, ஏன் வந்தது என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்றாள்.

தெரியுமாவா? அந்தக் கட்டம் வருவதற்கு முன்னால், அந்தக் கட்டமே நான்தான். டிக் போட வைக்காமல் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கவிதாவுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அவள் வேலை கெடும். அதனால் எழுதிவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. டத்தோவுக்கும் டத்தினுக்கும் பக்கத்தில் இதை வைத்தால் பொருத்தமாக இருக்குமா என்பதை மலர்க் குழுவினர் முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் லோரியில் பின்னால் தொற்றிக்கொண்டு போகிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு லோரி ஓட்டினேன். பிறகு முதுகு போய்விட்டது, கவுண்டரில் உட்கார வைத்து சூப்பர்வைசர் என்று பெயர் கொடுத்தார்கள். முதுகு போனால் பதவி வரும் என்பது எங்கள் கடையின் ஏற்பாடு. நான் கற்றுக்கொண்டது எல்லாம் கூடாரம் போடுவதுதான். சமதரையில் கூடாரம் போட யாராலும் முடியும். கேமரன் மலையில் சமதரை என்பது வெள்ளைக்காரன் பங்களா வாசலில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் சரிவு. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், நடுவில் ஓடை. மத்தியானம் ஆனால் மழை வரும் என்பதால் எந்தப் பக்கம் தண்ணீர் வடியும் என்று பார்த்துத்தான் முதல் காலை நட வேண்டும். தப்பாக நட்டால் மாப்பிள்ளை தலையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டும். ஒரு தடவை கொட்டியது. அந்தக் கல்யாணம் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்களிடம் இரண்டு வகைக் கூடாரம் உண்டு. மஞ்சள், வெள்ளை. மஞ்சள் கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு, பண்டிகைக்கு ஊரையே வீட்டுக்கு அழைக்கிற திறந்த இல்ல உபசரிப்புக்கு. சுற்றிலும் தொங்குகிற விளிம்புத் துணியில் கடையின் பெயரும் போன் நம்பரும் பெரிதாக அச்சடித்திருக்கும். வெள்ளை சாவு வீட்டுக்கு மட்டும். அதில் பெயர் கிடையாது. பிணத்துக்கு மேல் தன் பெயர் தொங்கினால் தொழில் விளங்காது என்று முதலாளி நினைத்தார். சாவு வீட்டுக்குப் போன கூடாரம் ஒருநாளும் கல்யாண வீட்டுக்குப் போகாது. அதற்குத் தனிக் கொட்டகை, தனிக் கயிறு, தனி ஆணி. புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்.

சாவு வீட்டுக்கு இன்னும் இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, போன் வந்தால் இடம் எது என்று மட்டும் கேட்போம், வேறு எதுவும் கேட்க மாட்டோம். முன்பணம் இல்லை, கையெழுத்து இல்லை, லோரி கிளம்பிவிடும். இரண்டாவது, பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் கூடாரத்தைப் பிரிக்கக் கூடாது. இந்த இரண்டாவது வழக்கம் முதலாளியே கொண்டுவந்தது. ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அம்மா இறந்தபோது பதினாறு நாளும் கூடாரம் நின்றது. எங்கம்மாவுக்குச் செய்ததை எல்லாருக்கும் செய்யணும் என்று அன்றைக்குச் சொன்னார். அப்போது அவர் டத்தோ இல்லை, அதனால் சொன்னார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. ஒரு ஆளைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வராது, அதுதான் அவருடைய வியாதி. கஷ்டமான பேச்சு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துடைப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பவன் முகம் அவருக்கு மாவு மாதிரிதான் தெரியும். முகம் தெரியாவிட்டால் எதையும் சொல்லிவிடலாம். அப்போதும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார். 'பாக்கலாம்' என்பார். அதற்கு அர்த்தம், வெளியே போனதும் லிங்கம் உனக்கு இல்லை என்று சொல்வான் என்பது. லிங்கம் நான்தான்.

சரி, அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டக்காரர்கள், நில விஷயமாக, கூட்டம் என்று சொல்லி மஞ்சள் கூடாரம் எடுத்தார்கள். கூட்டம்தான் போட்டார்கள். ஆனால் அட்டை பிடித்துக்கொண்டு போட்டார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க முடியவில்லை. யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. மேலே தொங்கிய எங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எத்தனை விளம்பரம் கொடுத்திருக்கிறோம், எதுவும் இப்படி விழுந்ததில்லை. அன்று முழுக்க போன் அடித்தது. எல்லாரும் வாடகை என்ன என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் வாடகை கேட்கவில்லை. அவர் டத்தோவிடம் பேசணும் என்றார்.

சாயங்காலம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது.

"லிங்கம், நாம சேவை செய்யறோம். அரசியல் செய்யல. இனிமே யாரா இருந்தாலும் எதுக்குன்னு கேளு. போராட்டம்னா வேணாம்."

அரசியல் என்றால் எது என்று கேட்டேன். உனக்குத் தெரியாதா என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த வாரம்தான் ஆளுங்கட்சிக் கிளை ஒன்றின் ஆண்டு விருந்துக்கு மஞ்சள் கூடாரம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தோம். கட்சிக் கொடியை எங்கள் கூடாரத்துக் கால்களில்தான் கட்டியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது அது சமூக நிகழ்ச்சி என்று விளக்கினார். கையில் கொடி இருந்தால் சமூகம், அட்டை இருந்தால் அரசியல். நான் படிக்காதவன், ஒரே பாடத்தில் புரிந்துகொண்டேன்.

அதிலிருந்து கவுண்டரில் என் வேலை கேள்வி கேட்பதுதான். 'என்ன காரியத்துக்கு?' என்று கேட்க வேண்டும், அவர்கள் சொல்ல வேண்டும், பிறகு 'அரசியல் கலக்காதுல்ல?' என்று கேட்க வேண்டும். பிள்ளையார் கோயில் கமிட்டித் தலைவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கோயில் கமிட்டியில் அரசியல் கலக்காது என்று அவரால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் கோபம். கடைத்தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய், பந்து விளையாட்டைத் திரை கட்டிப் பார்க்க மேசை எடுக்க வந்தார். போராட்டம் ஏதும் உண்டா என்று கேட்டேன். நம்ம டீம் தோத்தா அன்னிக்குப் பாத்துக்கலாம் லிங்கம் என்று சொல்லிவிட்டு மேசையை ஏற்றிக்கொண்டு போனார். பிறந்தநாள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்க் கூட்டம் போட்டவர்களும் உண்டு. கேக் வெட்டினார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவனுக்குக் கூடாரம் கிடைத்தது. எங்கள் விதியின் விசேஷமே அதுதான்.

பொய் சொல்லாத ஒருவர் வந்தார்.

பாக்கியம் அக்கா. ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவர் கணவர் முனியாண்டி அண்ணன் அதே தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத் தூளுக்குள்ளேயே நின்று நின்று, நெஞ்சில் இழுப்பை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். எங்கள் முதலாளி பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில். முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. மலரில் இதைப் போடுவார்களா தெரியவில்லை. டத்தோ எளிய குடும்பத்தில் பிறந்தவர் என்று போடுவார்கள். எந்த வீட்டில் என்று போட மாட்டார்கள்.

அந்த லயத்தை இடித்துவிட்டு சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப் போவதாக தோட்ட நிர்வாகம் சொன்னது. வேலையில் இருப்பவர்களுக்கு வேறு இடம் தருவார்களாம். ஓய்வு பெற்றவர்கள் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று கேட்டதற்கு, பிள்ளைகள் இருப்பார்களே என்றார் மேனேஜர். பாக்கியம் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பலருக்கு இருந்தும் இல்லை. அதனால் ஆபீஸுக்கு எதிரில் பெரட்டுக் களத்தில் உட்காருவது என்று முடிவு செய்தார்கள். பெரட்டுக் களம் என்றால் காலையில் பேர் கூப்பிடுவதற்கு எல்லாரையும் நிறுத்தி வைக்கிற இடம். அந்தத் தோட்டத்தில் சமதரை என்று இருப்பதே அது ஒன்றுதான். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான்.

அக்கா கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். என்ன காரியத்துக்கு என்று கேட்டேன்.

"போராட்டத்துக்குத்தான் தம்பி. மழை வருது. வயசானவங்க உக்காரணும். அவருக்கு வேற இழுப்பு."

அக்கா, பூசைன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பூசை என்றால் மஞ்சள் கூடாரம் அடுத்த லோரியில் போய்விடும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பொய் சொல்லி வாங்கின கூடாரத்துக்குக் கீழ உக்காந்து எப்படி தம்பி நியாயம் கேக்கறது?"

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு யார்தான் தொழில் செய்ய முடியும்? உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். முனியாண்டி அண்ணன் பெயரையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். நல்ல மனுசங்கதான் என்றார். பாக்கலாம் என்றார். நான் வெளியே வந்து இல்லை என்றேன். அக்கா சண்டை போடவில்லை. ரிங்லெட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

கூடாரம் இல்லாவிட்டால் போராட்டம் நடக்காது என்று நினைத்தோம் போலிருக்கிறது. காய்கறித் தோட்டத்துக்காரர்கள் செடிகளுக்கு மேல் மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக்கில் பழசைக் கொடுத்தார்கள். மூங்கில் நட்டு அதைக் கட்டி உட்கார்ந்தார்கள். கிழிந்த பிளாஸ்டிக் எங்கே ஒழுகும் என்று அதற்கே தெரியாது. 'எங்கள் லயம் எங்கள் வீடு' என்று ஒரு பெரிய துணி மட்டும் நனையாத இடத்தில் கட்டியிருந்தார்கள். முனியாண்டி அண்ணனை வீட்டில் இரு என்று எல்லாரும் சொன்னார்கள். வீடே நமதில்லை என்கிறான், அதில் இருந்து என்ன செய்ய என்று அவரும் வந்து உட்கார்ந்தார். தினமும் மத்தியானம் மழை. எனக்கு இதெல்லாம் எங்கள் லோரி ஓட்டுகிற மணி சொல்லித் தெரியும். அவன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நாற்காலி ஏதாவது 'தவறி' லோரியிலிருந்து விழுந்துவிடுவதாக என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டான். கயிற்றை இறுக்கிக் கட்டு மணி என்று ஒவ்வொரு தடவையும் கண்டித்தேன்.

ரெண்டு வாரம் ஆகியிருக்கும். காலையில் கடை திறந்ததும் போன் வந்தது. பாக்கியம் அக்கா குரல்.

"தம்பி, அவரு போயிட்டாரு."

நான் எதற்கு என்று கேட்கவில்லை. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளைக் கூடாரத்தை ஏற்றச் சொல்லி நானே மணியோடு லோரியில் ஏறினேன், பின்னால் எங்கள் நேபாளத்துப் பையன் தொற்றிக்கொண்டான். மழையில் உட்கார்ந்ததால்தான் என்று யாரும் சொல்லவில்லை. பழைய நெஞ்சு, எப்படியும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபம் என்றே தெரியாத அளவுக்குக் கோபம் வந்தது.

களத்தில் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டோம். தண்ணீர் ஆபீஸ் பக்கமாக வடிகிற மாதிரி முதல் காலை நட்டேன். அது தொழில் முறைப்படி சரியான பக்கம்தான். அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தேவாரம் பாட ஆள் வந்தார்கள். அந்தப் பெரிய துணி மூங்கிலில் கட்டியிருந்த இடத்திலேயே இருந்தது, அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தலைமாட்டுக்கு மேலே 'எங்கள் லயம் எங்கள் வீடு'.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து மேனேஜர் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முதலாளி போன் செய்தார்.

"லிங்கம், அது நம்ம கூடாரமா?"

"வெள்ளைக் கூடாரம் டத்தோ. நம்ம பேரே அதுல இல்லையே."

லோரியில் பேர் இருந்ததாம். மேனேஜர் படித்துவிட்டாராம். போராட்டம் நடக்கிற இடத்தில் கூடாரம் போட்டிருக்கிறாய், உடனே பிரித்துக்கொண்டு வா என்றார். இது சாவு வீடு என்றேன். பேனர் இருக்குல்ல என்றார். பேனர் இருந்தால் பிணம் உயிர் பெற்றுவிடுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிணத்தை எடுப்பதற்கு முன்னால் கூடாரத்தைப் பிரிக்க முடியாது, மணியும் தொட மாட்டான், நேபாளத்துப் பையன் பகதூர்கூடத் தொட மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறான் என்றேன். வேலை பாக்கணுமா வேணாமா என்றார். முதுகு போன எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இருந்தாலும் வாயில் வந்துவிட்டது.

"என்னால முடியாது டத்தோ. நீங்க வந்து பிரிங்க."

என் வாழ்க்கையில் அவருக்கு நான் கொடுத்த ஒரே உத்தரவு அது. அதையும் அவர் நிறைவேற்றினார்.

வந்தார். பெரிய வேன், வெள்ளைச் சட்டை. வேனை விட்டு இறங்கும்போதே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கஷ்டமான பேச்சு பேச வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார். சாவு வீட்டில் யாரும் வா என்று கூப்பிட மாட்டார்கள், என்ன விஷயம் என்றும் கேட்க மாட்டார்கள். பேச்சை ஆரம்பிக்கவே வழி கிடையாது. கண்ணாடி இல்லாததால் நேராகக் கூடாரத்துக்குள் நடந்தார். லயத்துப் பெண்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு டத்தோவைத் தெரியாது, கோவாலைத்தான் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளை சாவுக்கு வந்திருக்கிறான். நாலைந்து பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவி ஒப்பாரி வைத்தார்.

"கோவாலு, உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்ட மனுசன் கெடக்கறான் பாருய்யா..."

முதலாளியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே துணி. அவருக்கு அது ஏதோ வெள்ளையாகத் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவர் என்னைத் தேடினார், என் முகமும் மாவுதான். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. கூடாரத்தைப் பிரிக்க வந்த மனிதர் கூடாரத்துக்குக் கீழ் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். கூடாரம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுவரைக்கும் நடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிறகு நடந்ததுதான். அவர் அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அத்தனை கிட்டத்தில் போனால்தான் அவருக்குத் தெரியும், பார்த்தார். பார்த்துவிட்டு அழுதார். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அது உண்மையான அழுகை.

எடுக்கிற நேரம் தோள் கொடுக்க ஆள் கூப்பிட்டார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கோவாலு முன்னால வா என்றார்கள். போனார். களத்திலிருந்து வாசலில் நின்ற பிண வேன் வரைக்கும், ஆபீஸ் ஜன்னலைத் தாண்டி, சுமந்தார். அந்தப் பெரிய துணியை அவிழ்த்து முன்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் ஆசைப்பட்டுக் கீழே உட்கார்ந்திருந்த துணி, அவரோடு வாசல் வரைக்கும் வரட்டும் என்று பாக்கியம் அக்கா சொல்லிவிட்டார். எல்லார் கையிலும் போன்.

படம் சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் போய்விட்டது. மறுநாள் பேப்பரிலும் வந்தது. 'எங்கள் லயம் எங்கள் வீடு' என்ற எழுத்துக்குப் பின்னால் தோள் கொடுத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், கண் கலங்கி, டத்தோ. தோட்ட மக்களின் போராட்டத்தில் தொழிலதிபர் என்று கீழே போட்டிருந்தார்கள். விளிம்புத் துணியில் பெயர் வந்துவிடக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தோம். முகம் வந்துவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன்கள் வந்தன. அவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். போராட்டத்துக்குப் போகவில்லை, சாவுக்குப் போனேன், அவர் எனக்கு அண்ணன் மாதிரி, அது எங்கள் வழக்கம். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவு வீடு என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு, அவர் அம்மாவுக்கு வைத்த வழக்கப்படி பதினாறு நாள் கூடாரத்தை யார் பிரிக்க முடியும்? பதினாறு நாளும் அது சாவு வீடு. துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார வேண்டாமா? நான் முறைப்படி நாற்காலி அனுப்பினேன். தேவாரத்துக்கு ஒலிபெருக்கி அனுப்பினேன். துக்கம் கேட்க கம்போங் ராஜாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். வந்தவர்கள் கிளம்ப மறந்து பேச உட்கார்ந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக்குக்குக் கீழே இருந்த கூட்டத்தைவிட மூன்று பங்கு. மேனேஜர் இந்தத் தடவை போன் செய்யவில்லை. பதினாறு முடிவதற்குள் நிர்வாகத்திலிருந்து பேச வந்தார்கள். மாற்று வீடு கட்டித் தருகிற வரைக்கும் யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாற்று வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவசரப்பட்டுக் கட்டுகிறவர்கள் இல்லை. லயம் நிற்கிறது.

எங்கள் விதியும் நின்றது, இன்னும் பலமாக. இனிமேல் லிங்கம் வாயை நம்ப முடியாது என்றுதான் கேள்வி கவுண்டரிலிருந்து கைப்பேசிக்குப் போயிற்று என்று நினைக்கிறேன். நானும் கொஞ்ச மாதத்தில் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், டத்தோ என்னைப் பாராட்டிப் பேசினார், கண்ணாடி கையில் இருந்தது. கவிதா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். டிக் போடுகிறவர்கள் கேட்டால், எங்கள் லிங்கம் அங்கிளுக்கு மாற்று என்று சொல்.

ஒன்றை விட்டுவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரிக்க நானும் மணியும் போனோம். எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்தார்கள். பாக்கியம் அக்கா வெள்ளைத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் மறு முனை. மடிக்க மடிக்க இரண்டு பேரும் கிட்டத்தில் வந்தோம். கடைசி மடிப்பில் துணியை என் கையில் வைத்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

"பொய் சொல்லாம உங்க கடையில கூடாரம் வாங்கணும்னா வீட்ல ஒரு சாவு வேணும்னு எனக்குத் தெரியாம போச்சு தம்பி. தெரிஞ்சிருந்தா அவருகிட்ட சொல்லியிருப்பேன். ரெண்டு வாரம் மழையில நனைஞ்சிருக்க வேணாம், முதல் நாளே போயிருப்பாரு. என் சொல்லைத் தட்டாத மனுசன்."

துணியை லோரியில் வைத்தேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஆனால் பதினாறு முடிந்துவிட்டது, இனி சொல்லலாம். அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லாமல்தான் ஏறினேன்.